முடிவுக்கு மட்டும் தேதி

2025 ஜனவரி 5, ஞாயிற்றுக்கிழமை. புதுக்கோட்டை மாவட்டத்தின் 497 ஊராட்சிகளிலும் தலைவர்களின் பதவிக்காலம் அன்றோடு முடிந்தது. 13 ஒன்றியங்களின் கவுன்சிலர்கள், மாவட்ட ஊராட்சி உறுப்பினர்கள், ஆயிரக்கணக்கான வார்டு உறுப்பினர்கள் எல்லோருக்கும் அதே நாள்தான். 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் இரண்டு கட்டமாக மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். 2020 ஜனவரி 6-ல் பதவியேற்றவர்கள். ஐந்தாண்டு நிறைந்ததும் ஊராட்சிக் காசோலையில் கையெழுத்திடும் அதிகாரம் அவர்களை விட்டுப் போனது. ஒருவர்கூட ஒரு நாள் கூடுதலாக இருக்கவில்லை.

இந்த ஒழுங்கைக் கொடுத்தது அரசமைப்புச் சட்டத்தின் 243-இ கூறு. ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அதற்கு மேல் இல்லை என்பது அதில் ஒரு பாதி. அந்த ஐந்தாண்டு முடிவதற்குள் அடுத்த தேர்தலை நடத்தி முடித்துவிட வேண்டும் என்பது மறு பாதி. முதல் பாதியைத் தமிழ்நாடு எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தது. மறு பாதியை விட்டுவிட்டது. அந்த ஜனவரியிலேயே தனி அலுவலர்களை அமர்த்தச் சட்டத் திருத்தம் வந்தது. அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2025-ஆம் ஆண்டு முழுவதும் தேர்தல் நடக்காமலே கழிந்தது. புதுக்கோட்டையோடு சேர்த்து 28 மாவட்டங்களுக்கும் இதுதான் நிலை.

பதவிக்காலம் என்று பேச்செடுத்தாலே நாம் எத்தனை ஆண்டு என்பதைத்தான் பேசுகிறோம். மூன்றாண்டு போதுமா, ஐந்தாண்டு வேண்டுமா, ஒருவரே இரண்டு முறை வரலாமா என்றுதான் விவாதம் ஓடுகிறது. அதெல்லாம் வேண்டிய விவாதம்தான். ஆனால் நாற்காலி காலியாகும் தேதியைச் சட்டம் இறுக்கிப் பிடித்துவிட்டு, அது மறுபடி நிறையும் தேதியை அரசின் வசதிக்கு விட்டால், அந்தப் பதவிக்காலம் மக்கள் தேர்ந்தெடுத்தவரை மட்டுமே கட்டும், அரசைக் கட்டாது. ஐந்தாண்டு ஊராட்சித் தலைவராக இருந்தவருக்குக் கெடு உண்டு. அவர் இடத்தில் உட்காரும் அதிகாரிக்கு மக்கள் வைத்த கெடு எதுவும் இல்லை.

இது புதுக்கோட்டைக்கு முதல் முறை அல்ல. 2016 அக்டோபர் 24-ல் முந்தைய ஊராட்சிகளின் காலம் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் தேர்தல் என்று அறிவிப்பெல்லாம் வந்திருந்தது. பழங்குடியினருக்கான இடஒதுக்கீடு முறையாகச் செய்யப்படவில்லை என்ற வழக்கில், அக்டோபர் 4-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அறிவிப்பை ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து சில மாதங்களில் தேர்தல் நடத்தியிருக்கலாம். நடந்தது வேறு. தனி அலுவலர்களின் காலம் ஆறு மாதம், இன்னொரு ஆறு மாதம் என்று நீண்டது. வார்டு மறுவரையறை, வழக்கு, மேல்முறையீடு, புதிய மாவட்டங்கள் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. மூன்று ஆண்டுகளுக்கு மேல் இந்த மாவட்டத்தின் எந்தக் கிராமத்திலும் மக்கள் தேர்ந்தெடுத்த தலைவர் இல்லை.

அந்த மூன்று ஆண்டுகளில் புதுக்கோட்டையில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள்.

2017 பிப்ரவரியில் நெடுவாசல். ஹைட்ரோகார்பன் எடுக்க மத்திய அரசு ஒப்புதல் கொடுத்ததும் ஊரே திரண்டு உட்கார்ந்தது. நல்லாண்டார்கொல்லை, கோட்டைக்காடு, வாணக்கன்காடு, வடகாடு என்று பக்கத்து ஊர்களும் எழுந்தன. ஏப்ரலில் மீண்டும் போராட்டம். இந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது, அதை எடுக்கலாமா கூடாதா என்பதில் ஊர் தன் கருத்தைச் சட்டப்படி பதிவு செய்ய இருக்கும் ஒரே இடம் கிராம சபை. அந்தச் சபைக்குத் தலைமை ஏற்க வேண்டியவர் ஊராட்சித் தலைவர். நெடுவாசலுக்கு அப்போது தலைவர் இல்லை. சபையைக் கூட்டுவதும், எந்தப் பொருளை விவாதிப்பது என்று தீர்மானிப்பதும், தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்திடுவதும் அரசு ஊழியர் கையில் இருந்தன. அரசு கொண்டுவரும் திட்டத்தை எதிர்த்து மக்கள் போடும் தீர்மானத்துக்கு, அரசு ஊழியரே தலைமை ஏற்க வேண்டும். அந்த ஊழியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரை இந்த இடத்தில் நிறுத்துவது அவருக்கும் அநியாயம், ஊருக்கும் அநியாயம்.

அடுத்து கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரையேறிய புயல், விடிவதற்குள் ஆலங்குடி, கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை, பலா, வாழை எல்லாம் தரையில் கிடந்தன. மின்கம்பங்கள் விழுந்ததால் மோட்டார் ஓடவில்லை. மோட்டார் ஓடாததால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இல்லை. ஊர்க்காரர்கள் பணம் போட்டு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்துத் தொட்டியை நிரப்பினார்கள். கொத்தமங்கலத்தில் நிவாரணம் வரவில்லை என்று மறியல் செய்த கூட்டத்தின் ஆத்திரத்தில் அரசு வாகனங்கள் எரிந்தன. வாகனத்தை எரித்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அந்த வாரம் அந்த ஊர்களில் மக்கள் யாரிடம் போய்ச் சத்தம் போட்டிருக்க முடியும்? ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இருந்திருந்தால், அவர் வீட்டு வாசலில் நின்று திட்டியிருப்பார்கள். அவரும் ஒன்றிய அலுவலகத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் ஓடியிருப்பார். எந்தத் தெருவில் எத்தனை ஓட்டு வீடு, எந்த வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் இருக்கிறார், எந்தக் குடும்பத்துக்குப் பட்டா இல்லாததால் கணக்கெடுப்பில் பெயர் விடுபடும் என்பது அவருக்குத் தெரியும். வார்டு உறுப்பினருக்கு அதைவிட நன்றாகத் தெரியும். கணக்கெடுக்க வெளியூரிலிருந்து வந்த ஊழியர்கள் இரவு பகல் பார்க்காமல் உழைத்தார்கள். அவர்களுக்குத் தெருப் பெயர்கூடத் தெரியாது.

புயலுக்கு அடுத்த கோடையில் கீரமங்கலம் சுற்றுவட்டாரத்து இளைஞர்கள் தாங்களே பணம் திரட்டிக் குளங்களைத் தூர்வாரினார்கள். தமிழ்நாடே அதைக் கொண்டாடியது. கொண்டாட வேண்டியதுதான். ஊராட்சி என்ற ஓர் அமைப்பு உயிரோடு இல்லாத காலத்தில் ஊர் தன்னைத் தானே நிர்வகித்துக்கொண்டது என்பதை அந்தக் கொண்டாட்டத்தில் யாரும் சொல்லவில்லை.

இந்த மாவட்டத்துக்குக் குளம் என்பது சாதாரண விஷயம் இல்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்களும் கண்மாய்களும் உள்ள மாவட்டம் இது. கவிநாடு கண்மாய் போன்ற பெரியவை நீர்வளத் துறையின் பொறுப்பு. நாற்பது ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு உள்ள சிறிய கண்மாய்கள் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தவை. எண்ணிக்கையில் இவைதான் மிகுதி. கலிங்கு உடைந்தாலும் மடைக் கதவு துருப்பிடித்தாலும் வரத்து வாரியை யாரோ மண்ணைப் போட்டு அடைத்தாலும் ஒன்றியக் கூட்டத்தில் எழுந்து கேட்க வேண்டியவர் கவுன்சிலர். ஒன்றியக் குழுவே இல்லாதபோது, அந்தக் கேள்வி மனுவாகி, மனு எண்ணாகி, திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நிற்கிறது. ஐப்பசி மழைக்குள் அடைபட வேண்டிய கரைக்கு அடுத்த சித்திரையில் மதிப்பீடு தயாராகிறது.

497 ஊராட்சிகளை 13 ஒன்றியங்களுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு 38 வரும். ஊராட்சிகளைக் கவனிக்கும் வட்டார வளர்ச்சி அலுவலர்தான் தன் ஒன்றியத்து ஊராட்சிகள் எல்லாவற்றுக்கும் தனி அலுவலர். அவருக்கு ஏற்கெனவே நூறு நாள் வேலை, வீடு கட்டும் திட்டம், குடிநீர் இணைப்பு, ஆய்வுக் கூட்டம், வீடியோ கான்பரன்ஸ் என்று தலைக்கு மேல் வேலை. அதன்மேல் முப்பத்தெட்டு ஊருக்குத் தலைவர் வேலை.

ஒரு மோட்டார் எரிந்தால் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பார்ப்போம். ஆலங்குடி பக்கம் ஆழ்துளைக் கிணறுகள் பல நூறு அடி ஆழம். நீர்மூழ்கி மோட்டார் நின்றுபோனால் டேங்க் ஆபரேட்டர் முதலில் கேபிளையும் ஸ்டார்ட்டரையும் பார்ப்பார். அங்கே கோளாறு இல்லையென்றால் மோட்டாரை மேலே தூக்க வேண்டும். அதற்கு ஆள், செயின் பிளாக், வண்டி வேண்டும். தூக்கியதைக் காயில் கட்டும் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டி வாங்கி வந்து மறுபடி இறக்க வேண்டும். தலைவர் இருக்கும் ஊரில் காலையில் எரிந்த மோட்டார் மறுநாள் இரவுக்குள் கிணற்றில் இறங்கிவிடும். தலைவர் கைக்காசைப் போடுவார், அல்லது மெக்கானிக்கிடம் கடன் சொல்வார். பிறகு கூட்டத்தில் தீர்மானம் வைத்து, துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பணத்தை எடுப்பார்கள். தண்ணீர் வராத தெருவில் அவர் வீடும் இருக்கிறது என்பதுதான் இந்த வேகத்தின் காரணம். தனி அலுவலர் காலத்தில் ஊராட்சிச் செயலர் கடிதம் எழுதுகிறார். ஒன்றியப் பொறியாளர் பார்வையிட்டு மதிப்பீடு போடுகிறார். கோப்பு மேலே போய்க் கையெழுத்தாகி வருகிறது. பழைய பில்லே பாக்கி இருக்கும்போது புதிய வேலையைத் தொட மெக்கானிக் தயங்குகிறார். இதற்குள் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஊர் வயல் பம்புசெட்டுக்கு நடக்கத் தொடங்கிவிடுகிறார்கள். இதில் யாரும் தவறு செய்யவில்லை. விதிப்படி நடக்கும்போதே இத்தனை நாள் ஆகிறது.

தேர்ந்தெடுத்த ஊராட்சி இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 டிசம்பரில் அன்னவாசல் ஒன்றியம் முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த வேங்கைவயலில், பட்டியலின மக்கள் குடிக்கும் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது தெரியவந்தபோது தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சி பதவியில்தான் இருந்தது. போலி பில் போடும் தலைவர்கள் இருக்கிறார்கள். மனைவி பெயரில் பதவி, கணவர் கையில் சாவி என்ற ஊர்களும் இருக்கின்றன. இவற்றையெல்லாம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் முன்னால் கொண்டுவந்து நிறுத்துவதுதான் தேர்தல். அது தள்ளிப்போனால் நல்ல தலைவரின் வேலை நின்றுபோகிறது. கெட்ட தலைவரைத் தோற்கடிக்கும் வாய்ப்பும் மக்களுக்கு இல்லாமல் போகிறது. அவர் தோற்காமலே 'முன்னாள் தலைவர்' என்ற மரியாதையோடு அடுத்த தேர்தலுக்குத் தயாராகிவிடுகிறார்.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1991-ல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது கல்குவாரியில் கல் உடைத்த பெண்களும் நடவு நட்ட பெண்களும் எழுத்துக் கற்றதோடு சைக்கிளும் கற்றார்கள். புதுக்கோட்டைச் சாலைகளில் அப்போது நடந்தது இந்தியாவே திரும்பிப் பார்த்த மாற்றம். 1996 ஊராட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு வந்தது. இப்போது பாதி இடம். சைக்கிள் கற்ற தலைமுறையின் மகள்கள் ஊராட்சித் தலைவர் நாற்காலிக்கு வந்தார்கள். ஆனால் 2020 ஜனவரியில் பதவியேற்ற ஒரு பெண் தலைவரின் ஐந்தாண்டு எப்படிக் கழிந்தது? மூன்றாவது மாதம் ஊரடங்கு வந்தது. முதல் இரண்டாண்டு கிருமிநாசினி தெளிப்பதிலும் காய்ச்சல் கணக்கெடுப்பதிலும் போனது. அதற்குப் பிறகுதான் மதிப்பீடு என்றால் என்ன, அளவைப் புத்தகம் என்றால் என்ன, எந்தத் திட்டத்துக்கு எந்தக் கணக்கு என்று பிடிபட்டது. பிடிபட்டு வேலை ஓடத் தொடங்கியபோது காலம் முடிந்தது. அடுத்த தேர்தலில் நின்று தான் செய்ததைச் சொல்லி வாக்குக் கேட்க அவருக்கு மேடை வரவில்லை. இடைவெளி நீண்டால் அவர் மறுபடி வீட்டுக்குள்ளோ வயலுக்குள்ளோ போய்விடுகிறார். ஆண் அரசியல்வாதிக்குக் கட்சி இருக்கிறது, டீக்கடை இருக்கிறது. பதவி இல்லாவிட்டாலும் பேசப்படுவார். பெண்ணுக்குப் பல ஊர்களில் அந்த நாற்காலி மட்டும்தான் பொது இடம்.

கொரோனாவால் இழந்த காலத்தைக் கணக்கில் கொண்டு பதவிக்காலத்தை நீட்டித்துத் தர வேண்டும் என்று 2024-ல் ஊராட்சித் தலைவர்கள் கேட்டார்கள். அவர்கள் வருத்தம் உண்மையானது. ஆனால் அந்தக் கோரிக்கையை ஏற்க முடியாது. ஐந்தாண்டுக்கு மேல் இல்லை என்பதில் ஒரு முறை தளர்வு வந்தால், அடுத்த முறை ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்கள் இருக்கும் இடத்தில் நீட்டிப்பும் வேண்டாதவர்கள் இருக்கும் இடத்தில் தனி அலுவலரும் வரும். கெடு கெடுவாகவே இருக்கட்டும். அதே கண்டிப்பு அரசின் மீதும் பாயட்டும் என்பதே என் வாதம்.

அரசின் தரப்பில் சொல்லப்படும் முதன்மையான காரணம் மறுவரையறை. புதுக்கோட்டை நகராட்சி 2024 ஆகஸ்டில் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள ஊராட்சிகளை அதோடு இணைப்பதில் மக்களுக்கு எதிர்ப்பு இருக்கிறது. நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்பது அவர்கள் பயம். எல்லை மாறுவதால் வார்டு மாறும், வார்டு மாறுவதால் இடஒதுக்கீடு மாறும் என்று அரசு சொல்வதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஐந்தாண்டு எப்போது முடியும் என்பது 2020 ஜனவரி 6-லேயே எல்லோருக்கும் தெரியும். முடிவு தெரிந்த ஒரு காலத்துக்குள் செய்ய வேண்டிய வேலையை முடிந்த பிறகு தொடங்கினால், அதைக் காரணமாக ஏற்க முடியுமா? இந்த இணைப்பைப் பற்றித் தன் கருத்தைச் சொல்ல வேண்டிய ஊராட்சிக்கு, அந்தக் கருத்தைச் சொல்லும் நேரத்தில் தலைவரே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடுத்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வருகிறது. அதன் எண்ணிக்கை வரட்டும் என்று இன்னொரு காரணம் எழவும் இடம் இருக்கிறது.

உச்ச நீதிமன்றம் இதில் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. அகமதாபாத் மாநகராட்சி தொடர்பான 2006 தீர்ப்பில், காலம் முடிவதற்குள் தேர்தலை முடிப்பது தேர்தல் ஆணையத்தின் கடமை, அதில் தளர்வு கூடாது என்றது. 2022 மே மாதம் மத்தியப் பிரதேச வழக்கில், மறுவரையறை முடியவில்லை என்பதைக் காட்டித் தேர்தலைத் தள்ளக் கூடாது, இருக்கும் எல்லைகளை வைத்தே நடத்துங்கள் என்று சொல்லி, அதை எல்லா மாநிலங்களுக்கும் பொருத்தியது. இவ்வளவுக்குப் பிறகும் பெங்களூரு மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்து, 2025 முடியும்வரை அங்கே தேர்தல் இல்லை. 2022 மார்ச்சில் காலம் முடிந்த மும்பை மாநகராட்சிக்கு 2026 ஜனவரியில்தான் வாக்குப்பதிவு நடந்தது. நோய் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல.

ஆனால் பக்கத்தில் கேரளம் இருக்கிறது. 1995 தொடங்கி 2000, 2005, 2010, 2015, 2020, 2025 என்று ஐந்தாண்டுக்கு ஒருமுறை அங்கே தேர்தல் நடந்திருக்கிறது. கொரோனா உச்சத்தில் இருந்த 2020-ல்கூட நவம்பரில் காலம் முடிந்து டிசம்பரில் தேர்தலை முடித்துவிட்டார்கள். இடைவெளி ஒரு மாதம் சொச்சம். ஆட்சிகள் அங்கேயும் மாறின. வழக்குகள் அங்கேயும் வந்தன. உள்ளாட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டால் எந்தக் கட்சிக்கும் அங்கே அரசியல் நட்டம் வரும். இங்கே வருவதில்லை. 1970 தேர்தலுக்குப் பிறகு 1986 வரை காத்திருந்த மாநிலம் இது; 1991-லிருந்து 1996 வரை மறுபடி தனி அலுவலர்களைப் பார்த்த மாநிலம். 1996, 2001, 2006, 2011 என்று நான்கு தேர்தல் ஒழுங்காக நடந்தபோது பழைய பழக்கம் போய்விட்டது என்று நம்பினோம். போகவில்லை.

பணத்திலும் அடி விழுகிறது. முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இருந்தால்தான் மத்திய நிதிக்குழு மானியம் என்பது நிபந்தனை. 2016-க்குப் பிந்தைய இடைவெளியில் தமிழ்நாட்டு ஊராட்சிகளுக்கு வர வேண்டிய தவணைகள் நின்றன. அந்தப் பணம் தெருவிளக்கு, குடிநீர், துப்புரவு. சென்னையில் எடுத்த ஒரு முடிவின் விலையைப் பொன்னமராவதியிலும் மணமேல்குடியிலும் இருட்டுத் தெருவில் நடப்பவர் கொடுத்தார்.

ஊராட்சியோடு இது நிற்கவில்லை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நகையை வைத்துப் பயிர்க்கடன் வாங்கும், உர மூட்டைக்கு வரிசையில் நிற்கும் சொசைட்டி. 2018-ல் தேர்வான நிர்வாகக் குழுக்களின் ஐந்தாண்டு 2023-ல் முடிந்தது. அந்தக் காலத்தை மூன்றாண்டாகக் குறைக்க 2022 ஜனவரியிலேயே சட்டப்பேரவை மசோதா நிறைவேற்றியதும் நினைவிருக்கும். எத்தனை ஆண்டு என்பதில் காட்டிய அக்கறையை அடுத்த குழு எப்போது வரும் என்பதில் காட்டவில்லை; செயலாட்சியர்கள் வந்து அமர்ந்தார்கள். கோயிலுக்கு அறங்காவலர் குழு இல்லையென்றால் தக்கார். சொசைட்டிக்குச் செயலாட்சியர், ஊராட்சிக்குத் தனி அலுவலர், கோயிலுக்குத் தக்கார். ஒரு கிராமத்து மனிதருக்கு உரிமையுள்ள மூன்று பொது இடங்களிலும் ஒரே சமயத்தில் அவர் தேர்ந்தெடுக்காத ஒருவர் இருக்க முடியும் என்றால், அது தற்செயல் அல்ல.

நியமன அமைப்புகளிலும் இதே ஓட்டை உண்டு. கல்லணைக் கால்வாயின் கடைமடையில், நாகுடிக்கும் மும்பாலைக்கும் தண்ணீர் வந்து சேருமா என்று ஆண்டுதோறும் காத்திருக்கும் அறந்தாங்கி, மணமேல்குடி விவசாயிகளுக்குக் காவிரி மேலாண்மை ஆணையம் அயல் விஷயம் இல்லை. 2018 ஜூன் 1-ல் அறிவிக்கப்பட்ட திட்டத்தில் அதன் தலைவருக்கு ஐந்தாண்டு அல்லது 65 வயது என்று காலம் எழுதியிருந்தது. ஆனால் முதல் நாளிலிருந்து முழுநேரத் தலைவர் இல்லை. மத்திய நீர் ஆணையத்தின் தலைவர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்தார். முழுநேரத் தலைவர் வர 2021 ஆனது. பதவிக்காலத்தை எழுதிய கை, பதவியை நிரப்பும் கெடுவை எழுதவில்லை.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. மாநிலங்களவையில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்கள் ஓய்வு பெறுகிறார்கள். அவை ஒருநாளும் மொத்தமாகக் காலியாவதில்லை. ஊராட்சிக்கு அரசமைப்பே ஐந்தாண்டு என்று சொல்லிவிட்டதால் அங்கே இதைச் செய்ய முடியாது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் அறங்காவலர் குழுவுக்கும் தாராளமாகச் செய்யலாம். பாதிப் பேர் போகும்போது பாதிப் பேர் இருப்பார்கள். புதியவருக்குக் கணக்கைச் சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும். செயலாட்சியருக்கு வேலை இருக்காது.

ஊராட்சிக்கு வேண்டியது வேறு. பதவிக்காலம் முடிய ஓராண்டு இருக்கும்போது வார்டு எல்லையும் இடஒதுக்கீடும் உறைந்துவிட வேண்டும். அதற்குள் முடியாத மறுவரையறை அதற்கடுத்த தேர்தலுக்குத்தான். தேர்தல் தேதியை மாநிலத் தேர்தல் ஆணையம் அரசிடம் கேட்காமல் அறிவிக்க வேண்டும்; அந்த அதிகாரத்தை 1994 ஊராட்சிச் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். வெள்ளம், கொள்ளைநோய் என்று தேர்தல் நடத்தவே முடியாத நிலை வந்தால் தனி அலுவலருக்கு ஆறு மாதம், ஒரே ஒரு முறை. ஏழாவது மாதத்துக்குச் சட்டத்தில் இடமே இருக்கக் கூடாது. இன்றைய முறையில் ஒவ்வொரு நீட்டிப்பும் முந்தைய நீட்டிப்பைவிட எளிதாகிவிடுகிறது.

கணக்கைப் பற்றியும் பேச வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைக்காகத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டும் திறந்திருந்த சபை அது; அதை மக்களாட்சி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதன் பதவிக்கால விதி கூர்மையானது. வாரியத்தில் இருப்பவருக்கு 360 நாள். இறங்கியபின் மூன்றாண்டு வரை மறுபடி வர முடியாது. கணக்குக் காட்டாமல் இறங்கியவர் பின்னெப்போதும் குடத்தில் ஓலை இட முடியாது. அவருடைய உறவினர்களுக்கும் அதே தடை. காலத்தையும் கணக்கையும் அவர்கள் ஒன்றாகக் கட்டி வைத்தார்கள். நம் ஊர்த் திருவிழாக் குழுவிலும் இது இன்றுவரை இருக்கிறது. காப்பு அவிழ்த்த மறுவாரம் வரவு செலவை வாசித்துச் சாவியை ஒப்படைக்காத குழுவை ஊர் சும்மா விடாது.

தனி அலுவலர் காலத்துக்கு அப்படி ஒரு கணக்கு வாசிப்பு இல்லை. தணிக்கை நடக்கிறது, அறிக்கை துறைக்குப் போகிறது, ஊருக்கு வருவதில்லை. 2016-லிருந்து 2019 வரை தங்கள் ஊராட்சியில் எத்தனை மோட்டாருக்குப் பில் போனது, எத்தனை தெருவிளக்கு மாற்றப்பட்டது, எந்த வாரி தூர்வாரப்பட்டதாகக் கணக்கு எழுதப்பட்டது என்பதை 2020-ல் பதவியேற்ற தலைவர்கள் கோப்பு கோப்பாகத் தேடித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த முறை அப்படி விடக் கூடாது. தேர்தல் முடிந்து புதிய தலைவர்கள் அமர்ந்ததும் கூடும் முதல் கிராம சபைக்கு, 2025 ஜனவரி 6-லிருந்து அந்த ஊராட்சியின் பெயரில் கையெழுத்தான ஒவ்வொரு காசோலையின் விவரத்தையும் தனி அலுவலராக இருந்தவர் நேரில் கொண்டுவந்து வாசிக்க வேண்டும். 497 ஊராட்சிகளிலும். அதற்கு ஒரு புதிய சட்டம்கூடத் தேவையில்லை. மாவட்ட ஆட்சியரின் ஒரு சுற்றறிக்கை போதும்.